பாதி விளம்பரம்

"இந்தக் கூத்தப் பாத்தீங்களா? தாலியறுத்து நாலு வருசமாச்சு, அஞ்சு நாளா பொட்டு வச்சிக்கிட்டு வர்றா!"

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு முகம் கழுவி, தலை வாரி, காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு இராசம்மா படியேறி வந்தாள். அதைப் பார்த்துத்தான் சாரதா தன் புருஷன் பழனியப்பனின் காதைக் கடித்தாள்.

அவர் தேயிலை எஸ்டேட்டில் லோரி டிரைவர். அந்த லயத்து வரிசை வீடுகளில் டிவி வைத்திருந்த ஒரே ஆள். கறுப்பு வெள்ளைப் பெட்டி, கார் பேட்டரியில் ஓடியது. வாராவாரம் பேட்டரியைத் தானா ராத்தா டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போட வேண்டும். அதனால் அவர் வீட்டில் ஒரு சட்டம்: விளம்பரம் வந்தால் டிவி அணையும்.

சோப்பு விளம்பரத்தையாவது திட்டாமல் அணைப்பார். இந்த மதராஸ் படத்து விளம்பரம் ஒன்று வந்ததே, அது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. படம் டவுனுக்கு வர இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் தினமும் செய்திக்கு முன்னால் அதே கதாநாயகன் அதே நாலு பேரை உதைத்தான். "விரைவில்! விரைவில்!" என்று ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது.

"வந்தா வந்துட்டுப் போயேன்டா, ஏன்டா என் பேட்டரியக் குடிக்கிற?" என்று திட்டிக்கொண்டே பழனியப்பன் எழுந்துபோய்க் குமிழைத் திருகுவார். அதற்குள் பாதி ஓடியிருக்கும்.

அந்தப் பாதிக்காகத்தான் இராசம்மா வந்தாள். அவளுக்கு நாடகமும் வேண்டாம், செய்தியும் வேண்டாம். "கொஞ்சம் இருங்கண்ணே, அடைக்காதீங்கண்ணே" என்று கெஞ்சுவாள். டிவி அணைந்ததும் எழுந்து போய்விடுவாள்.

நாற்பது வயசில் நடிகன் மேல் கிறுக்கு என்று லயமே சிரித்தது. ஆனால் கதாநாயகன் என்ன குதி குதித்தாலும் அவள் கண் அவன் மேல் போனதில்லை. திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் இருளப்பன் பழனியப்பனின் லோரியில் மூட்டை ஏற்றியவன். ஒருமுறை மூட்டையோடு சறுக்கி விழுந்ததிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடப்பான். பிள்ளை இல்லை என்ற ஒரு குறையைத் தவிர இருவருக்கும் வேறு குறை கிடையாது.

குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.காரர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்றானதும், எழுபதாம் வருஷம் அவன் பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். ஒரே வருஷத்தில் அவளை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஆறு வருஷம் கழித்து, மூலையில் கறுப்பு மை தடவிய கடுதாசி ஒன்று வந்தது.

வாசித்தவர் பழனியப்பன். சாவுக் கடுதாசியை வீட்டில் வைக்கக் கூடாதே! யார் எழுதியது என்றுகூடப் பார்க்காமல் வாசலிலேயே கிழித்துப் போட்டார். பதினாறாம் நாள், சாரதாதான் தன் கையால் அவள் பொட்டை அழித்தாள்.

அந்த உரிமையில்தான் இன்று சாரதா கேட்டுவிட்டாள். "ஏன்டி, யாருக்குடி இந்தப் பொட்டு?"

இராசம்மா தலை குனியவில்லை. "அவருக்குத்தான் அண்ணி. அவரு சாகல. அந்த வெளம்பரத்துல நடந்து போறாரு."

பாவம், துக்கம் முற்றிப் புத்தி பிசகிவிட்டது என்று பழனியப்பன் நினைத்தார்.

"அந்தக் காலு இழுப்பு எனக்குத் தெரியாதாண்ணே? திருவிழாக் கூட்டத்துல, அந்த நடிகனுக்குப் பின்னால போறாரு. மூஞ்சியச் சரியாப் பாக்குறதுக்குள்ள நீங்க அடைச்சிடுறீங்க."

அவருக்கு மனசு கேட்கவில்லை. "சரி புள்ள, ஒக்காரு. இன்னிக்கு அடைக்கல. பேட்டரி தீந்தா தீரட்டும்லா!"

விளம்பரம் வந்தது. கதாநாயகன் உதைத்தான். அப்புறம் ஏதோ ஒரு ஊரின் நிஜத் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த காட்சி. கதாநாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் வெறித்துக்கொண்டு நிற்க, அவர்களுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், ஒருவன் இடது காலை இழுத்துக்கொண்டு வந்தான். முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

பழனியப்பன் துள்ளி எழுந்தார். "அடேய், இருளப்பா! சாரதா, அவனேதான்டி! நம்ம இருளப்பன்டி!"

"நான்தான் சொன்னேன்லண்ணே!" இராசம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பழக்க தோஷத்தில் அவர் கை குமிழுக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் பார்க்காத மீதிப் பாதி ஓடியது.

கூட்டத்தில் இருளப்பன் நின்றான். திரும்பிக் கையை நீட்டினான். மூன்று வயசுக் குழந்தை ஒன்று ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அதைத் தூக்கித் தோளில் வைத்தான். பின்னாலேயே வந்த பெண் தன் முந்தானையால் அவன் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

"விரைவில்! விரைவில்!" என்று அந்தக் குரல் கத்தியது.

கறுப்பு மைக் கடுதாசியின் கோணல் எழுத்து இப்போதுதான் பழனியப்பனின் கண்ணுக்குள் வந்து நின்றது. லோரி மூட்டைக் கணக்குச் சீட்டில் இருளப்பன் எழுதி அவர் எத்தனையோ தடவை பார்த்த எழுத்து. அவருக்கு இராசம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் அழவில்லை. எழுந்தாள். முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். வாசல்வரை போய், திரும்பாமலே சொன்னாள்:

"இனிமே அந்த வெளம்பரம் வந்தா, மொதல்லயே அடைச்சிடுங்கண்ணே."