குளிப்பாட்டிய பின்

குழந்தையின் வாயோரம் முகர்ந்தாள்.

இனிப்பு வாசனை. அவள் பாலுக்கு அந்த வாசனை கிடையாது.

மார்போடு சேர்த்தாள். குழந்தை உதட்டைக்கூடத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கியது.

குளிப்பாட்டினால் எப்போதும் இப்படித்தான். அம்மாதான் பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுவாள். துவட்டி, சாம்பிராணி காட்டி, வெகுநேரம் கழித்துக் கொண்டுவந்து படுக்க வைப்பாள்.

"பாத்தியா, எல்லாம் உன் பால் குடிச்ச தெம்பு. எப்படி அசந்து தூங்குதான்."

அவளும் நம்பினாள்.

பார்க்க வந்த மாமியார், "பிள்ளை நோஞ்சானா இருக்கான், பால் பவுடர் வாங்கிருவோம்" என்றபோது, அம்மாதான் குறுக்கே நின்றாள்.

"எம்மவளுக்கு ஊறும் மதினி. எங்க வீட்டுல எவளும் பவுடர் டப்பாவைத் தொட்டதில்ல."

அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த ஒருத்தி போதும் என்று இருந்தது.

எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

சாம்பிராணிச் சட்டிக்குப் பக்கத்தில், பிள்ளைக்குப் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை கவிழ்ந்திருந்தது. ஈரம் காயவில்லை. நிமிர்த்தினாள். அடியில் கரையாத மாவு கொஞ்சம். விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

அதே இனிப்பு.

மாமியாராவது முகத்துக்கு நேரே சொன்னார்.

மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. பிள்ளை குடிக்காததால் தேங்கிய பால். தனக்குத்தான் கொடுக்கத் தெரியவில்லை என்று, இத்தனை நாளும் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து தட்டோடு வந்தாள். சுறாப்புட்டு. ஆவி பறந்தது.

"இங்க என்ன செய்த? சூட்டோட தின்னுட்டி. அப்பத்தான் பால் ஊறும்."



அவள் பாலாடையைக் கழுவினாள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ரவிக்கை ஊக்கைக் கழற்றினாள்.

அம்மாவின் பார்வை பாலாடைக்குப் போனது. அங்கேயே நின்றது.

பாலாடை நிறைந்தது. நிறைந்தும் நிற்கவில்லை. வழிந்து மணிக்கட்டில் இறங்கி, முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது.

அதைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்தாள்.

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பால் கொஞ்சம் புட்டின் மேல் சிந்தியது.

"நாளையிலருந்து பிள்ளைய நானே குளிப்பாட்டிக்கிறேன்ம்மா."