கோரை முடிச்சு

சதுப்பில் கோரை அறுக்கப் போகிறவர்கள், ஆளுயரப் புல்லுக்குள் வழி தவறாமலிருக்க, அதன் நுனிகளை முடிந்துகொண்டே போவார்கள். திரும்பும்போது ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வருவார்கள். முடிச்சு நின்றால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம்.

அவள் கணவன் நேற்றே வீடு திரும்பிவிட்டான். சாப்பிட்டான், சிரித்தான். குழந்தையைத் தூக்கினான்; அது வீறிட்டது. அவன் போட்ட முடிச்சுகளோ இன்னும் அப்படியே நின்றன.

"அண்ணன் மறந்திருப்பாரு அண்ணி," என்றான் குழந்தையோடு கரையில் நின்ற கொழுந்தன்.

"மறக்கிற ஆளா அவரு? புள்ளையைப் பாத்துக்க தம்பி. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

கணவன் போட்ட முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே தன் முடிச்சுகளையும் போட்டபடி, இடுப்பளவுச் சேற்றில் நடந்தாள். "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசி முடிச்சுக்கு அப்பால், கோரைக்குள்ளிருந்து ஈனஸ்வரத்தில் கணவனின் குரல் கேட்டது.

"நீ ஏன் வந்தே?"

அவள் கோரையை விலக்கப் போனபோது, பின்னால் தூரத்தில் கொழுந்தன் பேசினான்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களே அண்ணி."

"உள்ள ஒருத்தரும் இல்ல தம்பி," என்றது கரையிலிருந்து அவளுடைய குரல். "குழந்தையைக் குடு."

குழந்தை வீறிட்டது.