ஓர் எழுத்து குறைகிறது

"ரெண்டு நாளும் அதை மட்டும் அணைச்சிடாதீங்க."

பையோடு வாசலில் நின்றவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள். தம்பிக்கு ஆபரேஷன். போகாமல் இருக்க முடியாது.

"ஒரு மெஷினுக்குக் காவல் இருக்கிறதுதான் இப்ப என் வேலையா?" என்றார் கணவர், தலையைத் தூக்காமல்.

மெஷின் என்றால், டிவியோடு மாட்டிய ரப்பர் பட்டன் வைத்த சின்னக் கம்ப்யூட்டர். இருப்பதிலேயே மலிவானது. பின்னால் தொற்றிக்கொண்டிருக்கும் மெமரி டப்பா லேசாக ஆடினாலும், கரண்ட் போனாலும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கேசட்டில் பதிந்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டர் வாங்குவதற்குள், அதில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிய மகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இப்போது புதிதாக ஒரு ஒயரைச் செருகக்கூட இவளுக்குப் பயம்.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் டிவியைப் போட்டு ஒரு பட்டனை அமுக்குவாள். மகள் கேட்பது, ஆங்கில எழுத்தில், திரையில் வரும்: 'அமா, சாப்பிட்டியா?'

ஏழு மாதத்தில் ஒருமுறைகூடக் கரண்ட் போகாதது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள்.

கணவருக்கு வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. தப்பைக் கண்டால் அவருடைய சிவப்புப் பேனா சும்மா இருக்காது. கடை ரசீது, மனைவி எழுதிய கடிதம் எதையும் விடமாட்டார். அந்தத் தொழிலில், ஒன்றைத் திருத்தாமல் விட்டுவிடச் சொல்ல, கீழே புள்ளி வைத்து 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். அவர் அதை எழுதியதே இல்லை என்று அச்சகத்தில் கேலி செய்வார்கள்.

"அம்மாவுல ஒரு எம்மை முழுங்கிட்டா. இந்தத் தப்பைத் தினம் பாக்கணுமா? அணைச்சுத் தொலை" என்பார்.

மகளுக்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு இவள் பார்த்ததில்லை. கல் நெஞ்சம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டனை அமுக்கினாள்.

'அமா, சாப்பிட்டியா?'

போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தாச்சா? இனிமேலாவது அணைச்சிடலாமா?" என்றார் அவர்.

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டியா? நேத்து முழுக்கக் கரண்டே இல்லைம்மா. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்துது. உன் வீட்டுக்காரர் பாவம், இருட்டுல என்ன பண்ணாரோ."

அவள் கை அப்படியே நின்றது. கையில் இருந்தது அவருடைய சட்டை. பையில் ஏதோ தாள்.

பிரித்தாள். மடித்து மடித்து நைந்துபோன தாள். மகள் எழுதிய புரோகிராம் முழுவதும், ஒரு வரி விடாமல், அவர் கையெழுத்தில். ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு தேதிகள். கடைசித் தேதி நேற்று.

'அமா' என்ற இடத்தில் மட்டும், கீழே சிவப்பு மையில் புள்ளிகள் வைத்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: 'இருக்கட்டும்.'