ஆரணியின் இடப்பக்கம்

ஆஸ்திரேலியக் கால்பந்து அணியொன்றில் புதிதாகச் சேர்ந்த ஆரணியின் ஆட்டத்தை, ஆட்டக்காரர்களை ஆராயும் செயற்கை அறிவு இயந்திரம் பத்தே நிமிடம் பார்த்தது. அதன் அறிக்கையை மெல்பேர்ண் வீட்டில், மதியச் சாப்பாட்டின்போது அவளுடைய அப்பா சிவநேசன் அவளுக்கு உரக்க வாசித்தார்.

‘பலம்: ஓடும்போதும் ஓயாமல் தலையைத் திருப்பி மைதானம் முழுவதையும் பார்க்கிறார். இப்படியொரு பார்வையை இதுவரை எந்த ஆட்டக்காரரிடமும் கண்டதில்லை. பலவீனம்: பிறவியிலிருந்தே இடது காது கேட்பதில்லை. அந்தப் பலம் இதனால் வந்தது.’

சிவநேசன் அறிக்கையைக் கீழே வைத்தார். பதினான்கு வருடங்களாக அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்து, அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் “சாப்பிடேக்கை என்ன பராக்கு?” என்று ஏசியவர் அவர்.

“ஏன் பிள்ளை ஒருநாளும் சொல்லேல்லை?”

“எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் கேக்கும் எண்டு நினைச்சன், அப்பா.”

அவர் தட்டோடு எழுந்து அவளுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.