ஒன்பதாம் நம்பர் அடுப்பு

கமலாம்பிகையின் குதிச்செருப்பு ரைன் கரைப் புல்லில் நாலடிக்கு ஒருதரம் புதைந்தது.

பூங்காவுக்குத் தற்செயலாக வந்தவர் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக, சரிகை குறைந்த பட்டாகப் பார்த்துத்தான் உடுத்தியிருந்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதை விரும்புவதில்லை. அதனால் கலியாணத் தரகர் கனகவல்லி ஒரு வழி சொல்லியிருந்தார். ஜெர்மனியின் பான் நகரத்து ஆற்றங்கரைப் பூங்காவில் யாரும் பாவிக்கலாம் என்று கிறில் அடுப்புகள் கட்டி விட்டிருக்கிறார்கள். ஸ்ருட்கார்ட் எஞ்சினியர் மாப்பிள்ளை வீட்டார் அங்கே இறைச்சி சுடுவார்கள். இவர்கள் அந்தப் பக்கமாக நடந்து போக வேண்டும். மிச்சம் தானாக நடக்கும்.

இது ஏழாவது வரன். முந்திய ஆறையும் மகள் கம்சனா தட்டிக் கழித்திருந்தாள். ஒருவனுக்கு மூக்கு சரியில்லை, இன்னொருவனுக்கு ஊர் சரியில்லை. இந்த முறை கேட்ட உடனேயே ஓம் என்றுவிட்டாள். கோயிலில் உடைத்த தேங்காய்களுக்கு ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது என்று தாய் நினைத்தார்.

எத்தனையாம் நம்பர் அடுப்பு என்பதும் வரைபடமும் கம்சனாவின் கைபேசிக்குத்தான் வந்திருந்தன. அவள்தான் முன்னால் நடந்தாள்; தாயும் தகப்பனும் பின்னால்.

அடுப்படியில் ஒரு தமிழ்ப் பெடியன் பீட்சாப் பெட்டியின் மூடியால் கரியை விசிறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய தாய் புஸ்பவதி.

“அட, தமிழ் ஆக்களோ!” என்று கமலாம்பிகை வியந்தார். காரில் வரும்போது இரண்டு தரம் பழகிப் பார்த்த வியப்பு.

இருங்கோ என்றார் புஸ்பவதி. மூன்று பேரும் இருந்தார்கள்.

தரகர் அனுப்பிய படத்தில் எஞ்சினியருக்குத் தாடி இருந்தது. இவனுக்கு இல்லை. மரியாதை தெரிந்த பிள்ளை, மழித்துவிட்டு வந்திருக்கிறான். பெயர் கேட்கத் தேவையிருக்கவில்லை. பெயர், நட்சத்திரம், சம்பளம் எல்லாம் கமலாம்பிகைக்கு ஏற்கனவே பாடம். ஆனாலும் ஒப்புக்கு ஏதாவது கேட்க வேண்டுமே.

“தம்பி என்ன வேலை?”

“பஸ் ஓடுறன் அன்ரி.”

வாகனக் கம்பனி எஞ்சினியர், செய்ததை ஓட்டிப் பார்க்கத்தானே வேண்டும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். கணவர் இராசலிங்கம் எதையும் கேட்கவில்லை. அவர் கோழி வேகும்வரை காத்திருந்தார்.

அப்போது கமலாம்பிகையின் கைபேசி அடித்தது. கனகவல்லி. அவருடைய குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“எங்கை நிக்கிறியள்? அவை நாலாம் நம்பரில ஒரு மணித்தியாலமாக் காத்துக்கொண்டு நிக்கினம்!”

கமலாம்பிகை திரும்பி அடுப்புத் தூணைப் பார்த்தார்.

ஒன்பது.

“இவை ஆரப்பா அப்ப?” என்று கணவரின் காதுக்குள் கேட்டார்.

இராசலிங்கத்தின் கண் பெடியனின் கையில் இருந்தது. அவன் இடுக்கியால் ஒரு கோழித்துண்டை எடுத்து, விரலை ஊதி ஊதி அதன் தோலை முழுவதுமாக உரித்தான். தோல் உரித்த துண்டைக் கம்சனாவின் தட்டில் வைத்தான். அவள் ஒரு வாய் பிய்த்துத் தின்றாள்.

கம்சனா நாலு வயதிலிருந்தே கோழித்தோல் தின்னமாட்டாள். இங்கே வந்து இருந்ததிலிருந்து அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இராசலிங்கம் மகளைப் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் நீளமாகப் போய் முடிந்தது.

அவர் மனைவியின் கையிலிருந்த கைபேசியை வாங்கினார். “எங்களுக்கு வர ஏலாமல் போச்சு எண்டு அவையளிட்டச் சொல்லிவிடுங்கோ அக்கா.”

பேச்சைத் துண்டித்துவிட்டுத் தன்னுடைய தட்டை அடுப்புப் பக்கம் நீட்டினார்.

“எனக்குத் தோலோட போடுங்கோ, தம்பி.”