ஞாயிற்றுக்கிழமை சாட்சி

“வாரத்துல ஆறு நாள் உன் நீச்சல், கீபோர்டு, டியூஷன். ஒரு நாள்தான் கர்த்தருக்கு. அதுலயும் கை வைக்காத!” என்றார் அப்பா.

“தனியா நீந்துற போட்டி இல்லப்பா, ரிலே! நாலு பேர் வேணும். நான் போகலைன்னா மத்த மூணு பேரும் தண்ணியில இறங்கவே முடியாது.”

“ரிலேயும் கிடையாது, கிலேயும் கிடையாது.”

ஃபிரிட்ஜ் கதவில் மகளின் வார அட்டவணை ஒட்டியிருந்தது. திங்கள் முதல் சனி வரை மூச்சுவிட இடமில்லை. ஞாயிறுக்கு நேராக ‘சபை’ என்று அப்பா கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

அம்மாவிடம் போனாள். அம்மா அதற்கும் ஒரு படி மேல்.

“ஆராதனையை விட்டுட்டு வாங்குற மெடல் நமக்கு வேண்டாம்டி!”

பதினான்கு வயசுப் பிடிவாதம் லேசில் அடங்குமா? அழுதாள், தட்டைத் தள்ளிவிட்டாள், கதவை அறைந்து சாத்தினாள். சனிக்கிழமை சாயங்காலம் எப்படியோ தெளிந்து, தானே வந்து சாப்பிட்டாள். ஜெபத்தின் பலன் என்று பெற்றோர் பூரித்துப் போனார்கள்.

மறுநாள் ஆராதனையின் நடுவே அப்பாவின் செல்போன் துடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“போட்டிக்குப் போன வேன் கால்வாய்ல கவுந்துடுச்சாம்” என்றார் மனைவியின் காதில். “யாருமே பிழைக்கலையாம்.”

அம்மா மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“யாருமேவாம்மா?” என்றாள் மகள்.

“நீ இருக்கியே, கண்ணு! அது போதும் எங்களுக்கு.”

அப்பா நேரே பாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

“சபையாரே, இந்தக் குடும்பம் கர்த்தருக்கு முதலிடம் கொடுத்தாங்க. கர்த்தர் இவங்க பிள்ளையை மரணத்துலேருந்து தப்புவிச்சிருக்கார்!”

“அல்லேலூயா!” என்று சபை அதிர்ந்தது. பாஸ்டரின் மனைவி முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளைங்களைப் பறிகொடுத்த அந்த மூணு குடும்பத்துக்காக ஜெபிப்போம். அதுக்கு முன்னால பாப்பா சாட்சி சொல்லட்டும். வாம்மா!”

மகள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சை இறுகப் பிடித்திருந்த அவள் விரல்களை அம்மாதான் ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

“வெட்கப்படாம போய்ச் சொல்லு. உன்னை உயிரோட வெச்சவருக்கு ஒரு நன்றி சொல்லக் கூடாதா?”

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி நடந்து மேடையேறினாள் என்று அவளுக்கே தெரியாது. பாஸ்டர் அவள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்து, மைக்கை நீட்டினார்.

மைக்கை வாங்கிக்கொண்டு முதல் வரிசையைப் பார்த்தாள்.

“பயப்படாம சொல்லும்மா” என்றார் பாஸ்டர், தகப்பனின் கனிவோடு.

“மூணு குடும்பம் இல்ல பாஸ்டர், நாலு...” என்று விம்மினாள். “காய்ச்சல்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வீட்டுல இருந்த உங்க பொண்ணைத்தான் என் இடத்துக்கு அனுப்பினேன்.”