நாலாம் படுக்கைக்காரரின் நாடி

பயிற்சி நர்ஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் தொட்ட மூன்று நோயாளிகளுக்கும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூற்றுப்பதினெட்டு. தலைமை நர்ஸின் குறிப்பிலோ எல்லாமே எண்பதுக்குக் கீழே. நாலாவதும் தப்பானால் தேர்வில் தோல்விதான்.

நாலாம் படுக்கைக்காரர் முழுக்கைச் சட்டை போட்ட கையை நீட்டினார். கையுறை மாட்டிய கட்டைவிரலை அவர் மணிக்கட்டில் அழுத்தி எண்ணினாள்.

"நூத்திப் பதினெட்டு! ஐயா, ஊசியா போடப் போறேன்? எதுக்கு இப்படிப் பயப்படறீங்க?"

"நானா? பயமா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது ரப்பர் கை, அம்மாடி! நிஜக் கை மெஷின்ல மாட்டிப் போயிடுச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உன் கட்டைவிரல்லயும் ரத்தக்குழாய் துடிக்குதில்ல? நீ இதுவரைக்கும் எண்ணுனது உன் நாடியைத்தான். இந்தா, இந்த இன்னொரு கை நிஜம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெச்சு எண்ணு."

எண்ணினாள். எழுபத்திரண்டு. தலைமை நர்ஸின் குறிப்பிலும் அதேதான்.